ரெக்கார்டு பிளேயருக்கு வயர் வாங்கும் முன்: ஊசியிலிருந்து ஸ்பீக்கர் வரை படிப்படியாக

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் முதலில் பொருத்தினேன். பிறகு காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் என்று தெரிந்தவர்கள் வீடுகளிலும் ரெக்கார்டு பிளேயர் பொருத்திக் கொடுத்தேன். பாதி வீடுகளில் நான் போவதற்கு முன்பே கேபிள் வாங்கியிருப்பார்கள். விரல் தடிமன், தங்கநிறப் பின், மூன்று மீட்டர் நீளம். பிளேயரையும் ஆம்பிளிஃபயரையும் எங்கே வைப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகியிருக்காது.

வரிசை அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும். கேபிள் கடைசியில் வாங்கும் பொருள். இன்னொன்றும் உண்டு. பிளேயரிலிருந்து ஸ்பீக்கர் வரை நான்கு வகை வயர் ஓடுகிறது. அதில் பிளேயரை விட்டு வெளியே வரும் முதல் ஒரு மீட்டர் மட்டும்தான் நுணுக்கம் கேட்கும். மற்ற மூன்றுக்கும் நீளமும் தடிமனும் சரியாக இருந்தால் போதும். பணத்தையும் கவனத்தையும் அந்த ஒரு மீட்டருக்குக் கொடுங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, டார்ச், ஒரு தாள், கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கும் அளவு) அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர். மீட்டர் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை; நானோஃபாரட் வரிசை இருந்தால் போதும். 0.12 நானோஃபாரட் என்று காட்டினால் அது 120 பிகோஃபாரட்.

தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: பிளேயரின் மாடல், அதிலுள்ள கார்ட்ரிட்ஜின் மாடல், ஆம்பிளிஃபயரின் பின்பக்கத்தில் என்னென்ன இன்புட் இருக்கின்றன என்பது. கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியைத் தாங்கியிருக்கும் சிறு பெட்டி. அதன் பெயர் முகப்பில் அச்சிட்டிருக்கும். பழையதாக இருந்தால் மேல்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தத் தாள் இல்லாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத்தான் தருவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

2. பெட்டிகளை முதலில் அதனதன் இடத்தில் வையுங்கள்

பிளேயர், ஆம்பிளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு நீளத்தை அளங்கள். நேர்கோட்டில் அளக்காமல், வயர் உண்மையில் போகும் வழியில் ஒரு நூலை ஓட்டி அளங்கள். அதோடு ஒரு சாண் கூட்டிக்கொண்டால் போதும்.

இடத்தை முடிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஊசிக்கை பிளேயரின் வலப்பக்கம் இருக்கிறது. ஆம்பிளிஃபயருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தன்னைச் சுற்றி 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைப் பரப்புகிறது. கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பதோ மெல்லிய கம்பிச்சுருள். இரண்டும் அருகருகே இருந்தால் எந்தக் கேபிள் போட்டாலும் உறுமல் போகாது. அதனால் ஆம்பிளிஃபயரைப் பிளேயரின் இடப்பக்கம் வையுங்கள், அல்லது அலமாரியில் இரண்டு தட்டு கீழே வையுங்கள். பிளேயருக்கு நேர் கீழே ஒட்டி வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஊருக்கே உரிய ஒரு விஷயமும் சொல்ல வேண்டும். மேற்குச் சன்னலை ஒட்டி வைக்காதீர்கள். நம் ஊர் கத்திரி வெயிலில் சன்னலோரம் கிடக்கும் பி.வி.சி. உறை இளகிப் பிசுபிசுத்து, அடுத்த வயரோடு ஒட்டிக்கொள்ளும். இசைத்தட்டுகள் வளைவது தனிக் கவலை.

3. பிளேயரின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ஊசி தரும் சிக்னல் எவ்வளவு சிறியது என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். பரவலாகக் கிடைக்கும் எம்.எம். (காந்தம் அசையும்) வகைக் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 3 முதல் 6 மில்லிவோல்ட். ஆடியோ டெக்னிக்கா ஏ.டி.-வி.எம்.95இ 4 மில்லிவோல்ட், ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் 5.5 மில்லிவோல்ட். எம்.சி. (சுருள் அசையும்) வகை என்றால் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே. ஒரு சி.டி. பிளேயர் 2 வோல்ட் வரை தருகிறது.

இந்தச் சிறு சிக்னலைச் சுமார் நூறு மடங்கு பெரிதாக்கும் பகுதிதான் போனோ ஸ்டேஜ். அது இன்னொரு வேலையும் செய்கிறது. தட்டில் வெட்டும்போது கீழ்ச்சுரங்களைக் குறைத்தும் மேல்சுரங்களைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். போனோ ஸ்டேஜ் அதை ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொதுக் கணக்குப்படி நேராக்கித் தருகிறது. ஆக, ஊசிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே போனோ ஸ்டேஜ் ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஒன்றுதான் இருக்க வேண்டும்.

அது எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். சில பிளேயரின் பின்னால் ‘போனோ / லைன்’ என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அப்படியென்றால் உள்ளேயே இருக்கிறது. ஆம்பிளிஃபயரில் ‘போனோ’ என்ற இன்புட்டும் பக்கத்தில் எர்த் திருகும் இருந்தால் அங்கே இருக்கிறது. இரண்டிலும் இல்லையென்றால் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும்.

பிளேயர் ஸ்விட்சை லைனில் வைத்து, ஆம்பிளிஃபயரின் போனோவில் செருகினால் பாட்டு கரகரவென்று உடைந்து, அடித்தொண்டையில் கத்தும். போனோவில் வைத்து ஆக்ஸில் (சாதாரண லைன் இன்புட்டில்) செருகினால் ஒலி மெலிந்து, தகர டப்பாவில் பாடுவதுபோலக் கேட்கும். இரண்டையும் ‘கேபிள் சரியில்லை’ என்று நினைத்துக் கேபிள் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஸ்விட்சைப் பாருங்கள். ஸ்விட்சைத் தட்டும் முன் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய பழைய பெட்டிப் பிளேயர் என்றால் கணக்கு வேறு. அவற்றில் பெரும்பாலும் கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அவை நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும், போனோ ஸ்டேஜ் வேண்டாம். ஆனால் ஆம்பிளிஃபயர் இன்புட்டின் மின்தடை ஒரு மெகாஓம் அளவுக்கு இருந்தால்தான் கீழ்ச்சுரம் வரும். அடுத்த பகுதியில் வரும் கெப்பாசிட்டன்ஸ் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

வட்டமான ஐந்து முள் டின் (DIN) பிளக் உள்ள பழைய பிளேயர்களும் வருகின்றன. பிளக்கை வெட்டி எறிய வேண்டாம். டின்னிலிருந்து ஆர்.சி.ஏ.வுக்கு (நடுவே ஒரு பின், சுற்றி வளையம் உள்ள வழக்கமான பிளக்) மாற்றும் குட்டிக் கேபிள் கிடைக்கிறது.

4. முதல் ஒரு மீட்டருக்கான கணக்கு

எல்லோரும் தாண்டிப்போகும் பகுதி இதுதான். பாட்டின் ஒலியைக் கேபிள் உண்மையிலேயே மாற்றக்கூடிய ஒரே இடமும் இதுதான்.

உள் கம்பியும் அதைச் சுற்றியுள்ள வலையும் சேர்ந்து, கேபிள் முழுக்க ஒரு கெப்பாசிட்டர்போல நடந்துகொள்கின்றன. நீளம் கூடக் கூட அளவும் கூடும். எம்.எம். கார்ட்ரிட்ஜின் கம்பிச்சுருளோ பெரிய இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) உள்ளது. சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒத்ததிர்வு உண்டாகும். அந்த இடத்தில் ஒலி மேடுபோல எழுந்து, அதற்கு மேலே சட்டென்று விழும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஏ.டி.-வி.எம்.95இ-யின் இண்டக்டன்ஸ் 550 மில்லிஹென்றி. மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 200 பிகோஃபாரட் என்றால் ஒத்ததிர்வு சுமார் 15 கிலோஹெர்ட்ஸில் வரும். 450 ஆகிவிட்டால் அது சுமார் 10 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 10 என்பது காது நன்றாகக் கேட்கும் இடம். பாடகியின் ‘ஸ’கரம் ஊசிபோலக் குத்தும், ஜால்ராவும் சலங்கையும் ஒரு நேரம் கூர்மையாக, ஒரு நேரம் மங்கலாகத் தெரியும். தட்டு தேய்ந்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்கும் எவ்வளவு வேண்டும் என்று தயாரிப்பவரே சொல்லியிருப்பார். ஏ.டி.-வி.எம்.95இ-க்கு 100 முதல் 200 பிகோஃபாரட். 2எம் ரெட்டுக்கு 150 முதல் 300. இது மொத்தக் கணக்கு: ஊசிக்கைக்குள் ஓடும் வயர், வெளிக் கேபிள், போனோ ஸ்டேஜின் இன்புட் மூன்றும் சேர்ந்தது. போனோ ஸ்டேஜில் மட்டும் 100 முதல் 220 வரை இருப்பது சாதாரணம். அதன் கையேட்டில் பாருங்கள்.

போனோ ஸ்டேஜ் 100 எடுத்துக்கொண்டால், ஏ.டி.-வி.எம்.95இ-க்கு மிச்சம் 100தான். ஊசிக்கை வயருக்குக் கொஞ்சம் போக, மீட்டருக்கு 60, 70 பிகோஃபாரட் உள்ள நல்ல கேபிள் ஒரு மீட்டர் போட்டால் பொருந்தும். அதே இடத்தில் மீட்டருக்கு 150 உள்ள மலிவுக் கேபிள் இரண்டு மீட்டர் போட்டால் கேபிளே 300 தின்றுவிடும். அது எவ்வளவு தங்கமுலாம் பூசியதாக இருந்தாலும் சரி.

கேபிளின் அளவு அட்டையில் இருக்காது. அளந்துவிடுங்கள். கேபிளின் இரு முனையும் எதிலும் செருகாமல் இருக்க வேண்டும். மீட்டரைக் கெப்பாசிட்டன்ஸில் வைத்து, ஒரு முள்ளைப் பிளக்கின் நடுப்பின்னிலும் இன்னொன்றை வெளி வளையத்திலும் வையுங்கள். மீட்டர் வயரைச் சும்மா பிடித்தாலே ஒரு சின்ன எண் காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு நீளத்தால் வகுத்தால் மீட்டருக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கேபிள் பிளேயரோடு சேர்ந்தே வந்திருந்தால், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் முனையான ஹெட்ஷெல்லைக் கழற்றிவிட்டு அளங்கள். கழற்றாவிட்டால் கம்பிச்சுருளும் சேர்ந்து, எண் அர்த்தமில்லாமல் வரும். சில பிளேயர்களில் கை ஓய்விடத்தில் இருக்கும்போது அவுட்புட்டை ஷார்ட் செய்யும் ஸ்விட்ச் உண்டு. அதில் எண்ணே வராது. உள்ளேயே போனோ ஸ்டேஜ் உள்ள பிளேயரை இப்படி அளக்க முடியாது. அளக்கவும் வேண்டாம்: உள்ளிருக்கும் ஸ்டேஜைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் வெளிக் கேபிளுக்கு இந்தக் கணக்கே கிடையாது, நேராக ஏழாம் பகுதிக்குப் போகலாம்.

எம்.சி. கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களும் கெப்பாசிட்டன்ஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவற்றின் சுருள் மிகச் சிறியது. உறுமலைப் பற்றித்தான் இரண்டு மடங்கு கவலைப்பட வேண்டும்.

5. போனோ கேபிளை வாங்குவது

கணக்கு முடிந்தது. இப்போது கடைக்குப் போகலாம். கேட்க வேண்டியது: ஒரு மீட்டர் அல்லது அதற்கும் குறைவு, உள் கம்பியைச் சுற்றி நெருக்கமான செம்பு வலை, உலோக உடம்புள்ள ஆர்.சி.ஏ. பிளக்.

டி.வி. கடைகளில் ‘ஏ.வி. கேபிள்’ என்று தொங்கும் மெல்லிய வயரைப் பிரித்துப் பாருங்கள். வலைக்குப் பதிலாக நாலைந்து இழை சுருளாக ஓடும். டி.வி.டி. பிளேயருக்கு அது போதும். 4 மில்லிவோல்ட்டுக்குப் போதாது. பக்கத்தில் செல்போன் இருந்தால் அதன் ‘டிட்-டிட்’ சத்தம் கூடப் பாட்டில் கலக்கும். மூன்று நிறக் கேபிளில் படத்துக்கான மஞ்சள் வயர் மட்டும் சில சமயம் நல்ல கோஆக்ஸாக (நடுக்கம்பியைச் சுற்றி முழு வலை உள்ள வயராக) இருக்கும். நசுக்கிப் பார்த்தால் மற்ற இரண்டைவிட உறுதியாக இருப்பது தெரியும்.

பிளக் இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் பிடுங்கி எடுக்கும் அளவுக்கு வேண்டாம். பழைய ஆம்பிளிஃபயரில் சாக்கெட்டே கையோடு வந்துவிட்ட வீடுகள் உண்டு.

சால்டரிங் தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நான் அதைத்தான் விரும்புகிறேன். செம்பு வலையுள்ள ஆர்.ஜி.-59 கோஆக்ஸ் மீட்டருக்கு வகையைப் பொறுத்து 50 முதல் 70 பிகோஃபாரட்டுக்குள் இருக்கும். வாங்கும்போது வலையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். சி.சி.டி.வி.க்கு விற்கும் பல கேபிள்களில் வலை அலுமினியக் கலவையாக இருக்கிறது. அதில் ஈயம் ஒட்டாது. டி.டி.எச். டிஷ்ஷுக்கு வரும் ஆர்.ஜி.-6 வேண்டவே வேண்டாம். வலையும் அலுமினியம், கம்பியும் விறைப்பு. ஸ்பிரிங் மீது மிதக்கும் பிளேயர்களில் விறைப்பான கேபிள் தரையதிர்வை உள்ளே கடத்திவிடும்.

நடுக்கம்பி நடுப்பின்னுக்கு, வலை வெளி வளையத்துக்கு. 25 வாட் சால்டரிங் இரும்பு போதும். சூட்டை அதிக நேரம் வைத்தால் உள் உறை உருகி, கம்பி வலையைத் தொட்டுவிடும். முடித்ததும் மீட்டரால் நடுப்பின்னுக்கும் வளையத்துக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். நல்ல பிளக் ஊரில் கிடைக்காவிட்டால் காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய் வரலாம். வாங்கிக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடலாம்.

6. எர்த் வயர்

பிளேயரிலிருந்து இரண்டு பிளக்கோடு ஒரு மெல்லிய ஒற்றை வயரும் வந்தால், அதன் முனையில் ‘ப’ வடிவ லக் இருக்கும். அதைப் போனோ ஸ்டேஜ் அல்லது ஆம்பிளிஃபயரில் உள்ள எர்த் திருகில் மாட்ட வேண்டும். ஊசிக்கையின் உலோகத்தையும் மோட்டார் சட்டத்தையும் ஆம்பிளிஃபயரின் உடம்போடு ஒன்றாக்குவதுதான் இதன் வேலை. வயர் தொலைந்திருந்தால் 0.5 சதுர மில்லிமீட்டர் சாதாரண வயர் போதும். அதில் சிக்னல் எதுவும் ஓடவில்லை.

முதன்முதலில் பொருத்தியபோது இந்த வயரை நான் சுவர் ஸ்விட்ச் போர்டின் எர்த்தில் கொண்டுபோய் மாட்டினேன். எர்த் என்றால் எர்த்தானே என்று நினைத்தேன். உறுமல் குறையவில்லை, கூடியது. ஆம்பிளிஃபயர் ஏற்கெனவே மூன்று முள் பிளக் வழியாகச் சுவர் எர்த்தோடு சேர்ந்திருந்தது. பிளேயர் இன்னொரு வழியாகச் சேர்ந்ததும் இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம் உண்டாகி, அதில் ஓடிய மின்னோட்டம் முழுக்கச் சிக்னலில் கலந்துவிட்டது. பிளேயரின் எர்த் ஆம்பிளிஃபயரோடு நிற்க வேண்டும்.

இன்னொரு தவறு ஆபத்தானது. உறுமலைப் போக்க ஆம்பிளிஃபயர் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்துவிடுவது, அல்லது அந்தப் பிளக்குக்குள் இருக்கும் எர்த் வயரைக் கழற்றிவிடுவது. உறுமல் நின்றாலும் நிற்கும். உள்ளே இன்சுலேஷன் போனால் 230 வோல்ட் நேராக உலோகப் பெட்டிக்கு வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். பிள்ளைகள் தொடும் பொருள்.

உறுமல் இருந்தால் இந்த வரிசையில் தேடுங்கள்; வரிசை மாறினால் அரைநாள் போய்விடும்.

ஊசிக்கையின் உலோகத்தை விரலால் தொடுங்கள். உறுமல் மாறினால் எர்த் வயர் எங்கோ விட்டிருக்கிறது. மாறாவிட்டால், ஒரே பக்க ஸ்பீக்கரில் வருகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கப் பிளக்கோ ஹெட்ஷெல்லுக்குள் இருக்கும் குட்டி வயரோ தளர்ந்திருக்கிறது. அங்கே நிறங்கள் இப்படி: வலது நேர் சிவப்பு, வலது எதிர் பச்சை, இடது நேர் வெள்ளை, இடது எதிர் நீலம். இரண்டு பக்கமும் என்றால், ஓடாத பிளேயரில் கையை மெல்ல நகர்த்திப் பாருங்கள்; இடத்துக்கு இடம் உறுமல் கூடிக் குறைந்தால் டிரான்ஸ்ஃபார்மர் அருகில் இருக்கிறது. இரண்டாம் பகுதிக்குத் திரும்புங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் ஆம்பிளிஃபயரோடு சேர்த்திருக்கும் டி.வி., செட்-டாப் பாக்ஸ் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கேபிள் டி.வி. வயர் தன் சொந்த எர்த்தைக் கொண்டுவந்து வளையம் போடுவது அடிக்கடி நடக்கிறது.

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். “அண்ணா, ரெண்டு கேபிள் மாத்திட்டேன், இன்னும் உர்ருங்குதுண்ணா.” உர் என்கிறதா, கிர்ர் என்று அரைக்கிறதா என்று கேட்டேன். அரைக்கிறது என்றார். ஃபேனை நிறுத்தச் சொன்னேன். நின்றுவிட்டது. காரணம் ஃபேன் ரெகுலேட்டர். அடியிலிருந்து வரும் மென்மையான ‘ம்ம்ம்’ எர்த், டிரான்ஸ்ஃபார்மர் வகை. அரைக்கும் சத்தம் என்றால் மின்னணு ரெகுலேட்டர், டிம்மர், மலிவு அடாப்டர் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் ஓடும்போதும் இதே சத்தம் வரும். அதைக் கேபிளால் தீர்க்க முடியாது.

7. போனோ ஸ்டேஜிலிருந்து ஆம்பிளிஃபயருக்கு

இங்கே சிக்னல் நூறு மடங்கு வளர்ந்துவிட்டது. ஓரளவு நல்ல ஆர்.சி.ஏ. கேபிள் எதுவும் போதும். கெப்பாசிட்டன்ஸ் பயமும் போய்விடுகிறது. போனோ ஸ்டேஜின் அவுட்புட் இம்பிடன்ஸ் (மின்மறுப்பு) ஆயிரம் ஓம் என்றே வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் உள்ள கேபிள் ஐந்து மீட்டர் ஓடினாலும் ஒலி குறையத் தொடங்குவது 300 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. காது 20-இலேயே நின்றுவிடுகிறது.

எனவே தூரம் தேவைப்பட்டால் அதை இந்த இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். போனோ பெட்டி பிளேயரை ஒட்டி இருக்கட்டும், நீளக் கேபிள் அதற்குப் பிறகு ஓடட்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஆம்பிளிஃபயர் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பக்கம் 3.5 மில்லிமீட்டர் பின், மறுபக்கம் இரண்டு ஆர்.சி.ஏ. உள்ள கேபிள் வேண்டியிருக்கும். பின் ஸ்டீரியோவா என்று பாருங்கள்: இரண்டு கறுப்பு வளையம் இருக்க வேண்டும்.

8. ஸ்பீக்கர் வயர்

இங்கே வலை வேண்டாம், கோஆக்ஸ் வேண்டாம். தடிமன் ஒன்றுதான். வயரின் மின்தடை, போகவும் வரவும் சேர்த்து, ஸ்பீக்கர் ஓமில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 4 ஓமுக்கு 0.2.

ஐந்து மீட்டர் தூரத்துக்கு வயர் பத்து மீட்டர். அதில் 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு சுமார் 0.26 ஓம்; 1.5 என்றால் 0.13, 2.5 என்றால் 0.08. நம் வீட்டுக் கூடங்களுக்கு 1.5 தாராளம். பத்து மீட்டர் தூரம் ஓட்டும் பெரிய ஹால், 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2.5 வாங்குங்கள். அதற்கு மேல் கொடுக்கும் காசு காதுக்கு வந்து சேராது. பழைய எலக்ட்ரிகல் கடைகளில் இன்னும் ‘23/76’, ‘40/76’ என்பார்கள்: முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது ஒவ்வோர் இழையும் 0.0076 அங்குலம் என்பது. 40/76 ஏறத்தாழ 1.2 சதுர மில்லிமீட்டர், 70/76 சுமார் 2.

செம்பா என்று பார்த்து வாங்குங்கள். ‘சுத்தச் செம்பு’ என்று அச்சிட்ட ஒரு சுருளை வாங்கி வந்து, நுனியை பிளேடால் சுரண்டிய பிறகுதான் உள்ளே வெள்ளையாக இருப்பதைப் பார்த்தேன். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அதன் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வளைத்து நிமிர்த்தினால் இழைகள் சீக்கிரம் முறியும். கையில் தூக்கினாலே எடை குறைவு தெரியும். கடையிலேயே ஒரு துண்டைச் சுரண்டிப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

மாட்டும்போது ஒரு நுனியிழை கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பக்கத்துத் திருகைத் தொட்டால் ஆம்பிளிஃபயரின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். நுனிக்கு ஈயம் பூசித் திருகில் இறுக்குபவர்கள் இருக்கிறார்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, சில மாதத்தில் திருகு தளர்ந்துவிடும். இழைகளை முறுக்கி மாட்டுங்கள், அல்லது லக் அடித்து மாட்டுங்கள்.

சிவப்பு, கறுப்பு இரு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மாறினால் கீழ்ச்சுரம் காணாமல் போய், பாடுபவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. ஒரே நிற வயரில் குழப்பம் வந்தால், ஆம்பிளிஃபயர் பக்கம் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். பெரும்பாலான ஸ்பீக்கர்களில் பேட்டரியின் நேர்முனை சிவப்பில் படும்போது கூம்பு வெளியே தள்ளும். இரண்டும் ஒரே பக்கம் அசைகின்றனவா என்பதுதான் முக்கியம்.

9. பவர் வயரும் போகும் வழியும்

பிளேயர், போனோ பெட்டி, ஆம்பிளிஃபயர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். எர்த் ஒரே இடத்தில் சேரும். பவர் வயரையும் சிக்னல் வயரையும் சேர்த்து டேக் போட்டுக் கட்டாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், கேட்க இருக்காது. குறுக்கே போக வேண்டிய இடத்தில் கூட்டல் குறிபோலக் கடக்கட்டும். மிச்ச நீளத்தை வட்டமாகச் சுருட்டி ஆம்பிளிஃபயர் பின்னால் திணிப்பதும் வேண்டாம்.

10. முதல் முறை ஓட விடுவது

எல்லாம் செருகி, எர்த் திருகை இறுக்கிய பிறகுதான் கரண்ட். ஊசி ஓய்விடத்தில், வால்யூம் பூஜ்யத்தில். போனோவைத் தேர்ந்தெடுத்து, தட்டு போடாமல் வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். வழக்கமாகக் கேட்கும் அளவில், உட்காரும் இடத்திலிருந்து உறுமல் கேட்கக் கூடாது. மெல்லிய ‘ஸ்ஸ்’ இருக்கலாம், அது இயல்பு.

பிறகு நன்றாகத் தெரிந்த ஒரு தட்டைப் போடுங்கள். புதிதாக வாங்கியது வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று காதுக்குத் தெரியாது. வால்யூமைக் குறைத்து இடது பிளக்கை மட்டும் கழற்றி, இடது ஸ்பீக்கர்தான் அடங்குகிறதா என்று பாருங்கள். சிவப்பு வலது, வெள்ளை அல்லது கறுப்பு இடது.

‘ஸ’கரம் குத்தினால் ஊசியின் எடையையும் கோணத்தையும் முதலில் சரிபாருங்கள். அவை சரியாக இருந்தும் குத்துகிறது என்றால் நான்காம் பகுதிக் கணக்கைத் திரும்பப் போட்டு, போனோ கேபிளை அரை மீட்டர் குறைத்துப் பாருங்கள். வால்யூமைக் குறைக்காமல் பிளக்கை மட்டும் பிடுங்காதீர்கள். அந்த ‘டொம்’ சத்தத்தில் ட்வீட்டர் (மேல்சுரத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) போன வீடு தெரியும்.

பொருத்திய பிறகு வேலை அதிகமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிளக்குகளைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, சாக்கெட்டில் இரண்டு முறை திருகி மாட்டுங்கள். பாலாற்றுப் பக்கத்துப் புழுதி எங்கும் நுழையும். பெட்டிக்குப் பின்னால் எலி வரும் வீடாக இருந்தால் ஸ்பீக்கர் வயரைத் தரையோடு விடாமல், ஒரு சாண் உயரத்தில் பி.வி.சி. கேசிங்குக்குள் ஓட்டுங்கள். போனோ கேபிளை அதற்குள் விட வேண்டாம். அது சுவரைத் தொடாமல் தொங்கட்டும், கழற்றி அளக்க எளிதாக இருக்கும்.